பிராந்தி குடோனில் கொசுவர்த்தி

புறநகரில் உள்ள ஒரு மது குடோனுக்குத் தீப்பாதுகாப்பு ஆய்வுக்காகப் போயிருந்தேன். சித்திரை வெயில், தகரக் கூரை. உள்ளே வெப்பமானி 38 டிகிரி காட்டியது. அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே தரையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் பாதி எரிந்து கிடந்தது. இரவில் லோடு இறக்க வந்தவர்கள் அங்கேயே படுத்திருக்கிறார்கள். சுருளிலிருந்து நாலடி தள்ளி ஒரு கேஸின், அதாவது பாட்டில்கள் அடுக்கிய அட்டைப்பெட்டியின், அடிப்பக்கம் நனைந்திருந்தது. உள்ளே பாட்டில் உடைந்து பிராந்தி தரையில் கசிந்திருந்தது.

பொறுப்பாளரை அழைத்துக் காட்டினேன். "எல்லாம் சீல் போட்ட பாட்டில்தானே சார், பெட்ரோலா வெச்சிருக்கோம்?" என்றார்.

அவர் அலட்சியமான ஆள் இல்லை. வெளியேறும் வழியை அடைக்காமல் வைத்திருந்தார், தீயணைப்பான்களுக்குத் தேதி தவறாமல் சர்வீஸ் செய்திருந்தார். ஆனாலும் அந்தக் கேள்வி நான் போகிற குடோனில் எல்லாம் என் காதில் விழுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடத் தொடங்குகிறதோ, அதுதான் அதன் ஃபிளாஷ் பாயின்ட். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கி லேபிள்களில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்தச் செறிவுக்கு ஃபிளாஷ் பாயின்ட் ஏறக்குறைய 26 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல். அதாவது பற்றிக்கொள்வதில் மண்ணெண்ணெயை விடப் பிராந்தி முந்திக்கொள்ளும். ஆயிரம் டின் மண்ணெண்ணெய்க்கு நடுவே யாராவது கொசுவர்த்தி ஏற்றுவார்களா?

ஸ்காட்லாந்தின் குளிரில் விஸ்கி கொட்டினால், அதை ஏதாவது சூடாக்கினால்தான் எளிதில் பற்றும். சென்னையில் குளிர்ந்த இரவுகளையும் விடியற்காலைகளையும் விட்டுவிட்டால், கொட்டிய நிமிடமே அது தயார். நமக்கு அந்த அவகாசம் கிடையாது.

பீர் கதை வேறு. 5 சதவீத பீருக்கு ஃபிளாஷ் பாயின்ட் 60 டிகிரியைத் தாண்டும். பீர் எரியாது, அதன் அட்டைப்பெட்டிதான் எரியும். ஆகவே மின் பலகைக்கும் வாசலுக்கும் பக்கத்தில் பீர் கேஸ்களை அடுக்குங்கள், பிராந்தி வகையறாவை உள்ளே தள்ளி வையுங்கள். காசு செலவில்லாத மாற்றம் இது. ஆனால் "எது வேகமாப் போகுதோ அது முன்னாடி" என்றுதான் எல்லா இடத்திலும் அடுக்குகிறார்கள்.

ஆல்கஹால் ஆவி காற்றை விட 1.6 மடங்கு கனமானது. காற்றில் 3.3 சதவீதம் கலந்தாலே பற்றும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளம் தேடும். கூரைக்கு அடியில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டுவிட்டுக் காற்றோட்டம் சரி என்று நினைப்பது பெரிய தவறு. சுவரின் அடியிலும் காற்றுத் துவாரம் வேண்டும். தரையை ஒட்டிய பிளக் பாயின்ட், மூலையில் இன்வெர்ட்டர், சார்ஜில் கிடக்கும் செல்போன் எல்லாம் வெளியே போகட்டும். மூக்கை நம்பாதீர்கள். காலையில் உள்ளே நுழையும்போது அடிக்கிற வாடை பத்து நிமிடத்தில் பழகிவிடும். வாடை வந்தால் உடைந்த கேஸை அப்போதே தேடி எடுக்க வேண்டும்.

இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். பல குடோன்களில் சாமி படம் உள்ளேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கும் ஊதுபத்தியும் உண்டு, ஆயுத பூஜைக்குச் சூடமும் உண்டு. சாமி படத்தை அலுவலக அறைக்குக் கொண்டுபோய் வைத்து அங்கே கும்பிடுங்கள். இதை நான் சொல்லி யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கொசுத் தொல்லை இருந்தால் லோடுமேன்களுக்கு வெளியே ஒரு கூரையும் வலையும் போட்டுக் கொடுங்கள். அவர்கள் அடுக்குகளுக்கு நடுவே படுப்பது வேறு போக்கிடம் இல்லாமல்தான்.

கொட்டியது சிறிதளவு என்றால் தண்ணீரே மருந்து. ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் போதாது. 20 சதவீதத்துக்கு இறங்கினாலும் ஃபிளாஷ் பாயின்ட் 36 டிகிரிதான், நம் கோடைக்கு அது எட்டும் தூரம். நாலு பங்காவது ஊற்ற வேண்டும். துடைத்த துணியையும் உடைந்த பாட்டில்களையும் மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டு வெளியே வையுங்கள்.

பெரிய தீ என்றால் இந்தக் கணக்கு நடக்காது. குவார்ட்டர் (180 மில்லி) கேஸ் ஒன்றில் 48 பாட்டில், 8.64 லிட்டர். ஆயிரம் கேஸ் என்றால் 8,640 லிட்டர். அதற்கு நாலு பங்கு என்றால் 35,000 லிட்டர் தண்ணீர். அவ்வளவு தண்ணீர் சேர்வதற்குள் சரக்கு எரிந்துகொண்டே வாசல் வழியாகத் தெருவுக்கும் சாக்கடைக்கும் ஓடும். 1996 நவம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில், பார்ட்ஸ்டவுன் அருகே அப்படித்தான் எரியும் விஸ்கி ஆறாக ஓடியது. ஏழு கிடங்குகள் போயின. அதனால்தான் குடோன் வாசலில் அரையடித் திண்டு கேட்கிறேன். தள்ளுவண்டி ஏற இருபுறமும் சரிவு கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் வடிகால் தெருச் சாக்கடையில் நேராகச் சேரக்கூடாது.

1960 மார்ச் 28-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சீப்சைட் தெருவில் ஒரு விஸ்கி கிடங்கு பற்றியது. உள்ளே பத்து லட்சம் காலனுக்கு மேல் விஸ்கியும் ரம்மும். சூட்டில் பீப்பாய்கள் வெடித்து, கசிந்த ஆவி மொத்தமாகப் பற்றியதில் சுவர்கள் தெருவில் வந்து விழுந்தன. தீயணைப்புத் துறையினர் 14 பேர், சரக்கு மீட்புப் படையினர் 5 பேர், மொத்தம் 19 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தீயை அணைக்க, பொருளைக் காப்பாற்ற வந்தவர்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்தக் கணக்கு மறப்பதில்லை.

அதனால் 101-க்கோ 112-க்கோ அழைக்கும்போது "குடோன்ல தீ" என்று மட்டும் சொல்லாதீர்கள். மது குடோன், இத்தனை கேஸ் பிராந்தி, ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும் என்று சொல்லுங்கள். பெட்ரோல் தீக்கு அடிக்கும் சாதாரண நுரை ஆல்கஹாலில் பட்டதும் உடைந்து போகும். பகல் வெளிச்சத்தில் ஆல்கஹால் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதையும் வருகிறவர்களிடம் சொல்லுங்கள். எந்த வரிசையில் என்ன சரக்கு, மெயின் சுவிட்ச் எங்கே, பின் ஷட்டர் சாவி யாரிடம் என்று ஒரே தாளில் எழுதி வாட்ச்மேன் அறையில் ஒட்டி வையுங்கள். அன்று நான் போன குடோனில் பின் ஷட்டர் சாவி உரிமையாளரின் வீட்டில் இருந்தது. வீடு பதினைந்து கிலோமீட்டர் தள்ளி.