இழுவை ராணியா, பெண்வேடமா?

பெண் வேடம் கட்டி மேடையேறும் ஆண் கலைஞரை ஆங்கிலத்தில் 'டிராக் குவீன்' என்பார்கள். அதைத் தமிழில் 'இழுவை ராணி' என்று எழுதுகிறார்கள். ஒருதடவை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். செய்தியிலும் படத்தின் வசன வரியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எனக்கு டிராக்டர் ஓட்டும் மகாராணிதான் தெரிகிறாள்.

டிராக் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாடகக்காரர்களின் கொச்சை. பெண் வேடம் கட்டிய ஆண்களின் பாவாடை தரையில் இழுபட்டதால் வந்தது என்பார்கள். 1870-இல் லண்டன் ஸ்டிராண்ட் தியேட்டருக்குப் பெண் உடையில் வந்த போல்டன், பார்க் என்ற இரண்டு ஆண்கள் கைதானார்கள். அந்த வழக்கோடு சொல் பத்திரிகையில் ஏறியது. அவ்வளவுதான்.

இழுவையாவது மொழிபெயர்ப்பு எந்திரம் செய்த கூத்து. விவரம் தெரிந்தவர்களே 'திருநங்கை நாடகம்' என்று எழுதுவதுதான் மோசம். திருநங்கை என்பது ஒருவர் வாழும் வாழ்க்கை. டிராக், ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைக்கும் வேடம். நியூயார்க்கில் ஐரா சிஃப் 1981-இல் தொடங்கிய 'லா கிரான் சேனா' குழுவைப் பாருங்கள். கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கும் மேற்கத்திய மேடைக் கலையான ஆபராவை ஆடிய குழு அது. ஆண்களே கவுனும் நகையும் பூட்டிக்கொண்டு, கள்ளக்குரலில் சோப்ரானோ, அதாவது உச்சக் குரல் பெண் பாத்திரங்களைப் பாடினார்கள். சிஃப் ஏற்ற நாயகியின் பெயர் மேடம் வேரா கலூப்-போர்ஷ்க். ரஷ்யப் பாடகி போல ஒலிக்கும். உள்ளே போர்ஷ்ட் என்ற பீட்ரூட் சூப் மணக்கும். அதே சிஃப் பிற்பாடு மெட்ரோபாலிட்டன் ஆபராவின் வானொலி ஒலிபரப்பில் சொந்தப் பெயரில் வர்ணனை செய்தார். இவரைத் திருநங்கை என்று எழுதினால் அவருக்கும் அநியாயம், திருநங்கைகளுக்கும் அநியாயம்.

அப்புறம், பழைய தமிழ் நாடகத்தில் ஆண்கள் ஏற்ற பெண் பாத்திரத்தின் பெயரான 'ஸ்திரீபார்ட்' என்பதையே எழுதலாம் என்கிற கட்சி ஒன்று இருக்கிறது. பாதி வடமொழி, பாதி ஆங்கிலம் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. தூய்மைச் சண்டை எனக்கு வேண்டாம். பொருள்தான் இடிக்கிறது. ஸ்திரீபார்ட் நடிகரைப் பார்க்கிறவர், அவர் ஆண் என்பதையே மறக்க வேண்டும். டி.கே. சண்முகம் கிழவியாக நடித்து 'ஔவை' என்ற அடைமொழியே வாங்கினார். அந்த வேடத்தில் கேலி இல்லை. வேராவிடம் எல்லாம் தலைகீழ். ஆண் என்பதை மறந்தால் சிரிப்பு போச்சு. ஆனால் பாட்டு நிஜமாகவே பாடப்பட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கோமாளித்தனம்.

ஆகவே 'பெண்வேடம்' போதும். கூத்துக்காரர்களிடம் புழங்கும் சொல். உண்மையாக நடித்தாலும் கேலிக்கு ஆடினாலும் பொருந்தும். கேலியைச் சொல்லப் 'பகடி' இருக்கிறது. லா கிரான் சேனா செய்தது பெண்வேட ஆபராப் பகடி.

ஆபராவை ஏன் 'இசை நாடகம்' ஆக்கவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பெயரில் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகம் இங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது. 'டோஸ்கா' என்ற இத்தாலிய ஆபராவையும் 'வள்ளி திருமண'த்தையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு, படிக்கிறவன் பிரித்துக்கொள்ளட்டும் என்று விடுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?