"எல்லாம் கிளீன் பண்ணியாச்சு மிஸ்"

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் பழைய பற்றறி உடைத்து ஈயம் பிரித்த ஒரு வளவு. காணியை விற்கப் போகிறார்கள், மண்ணைச் சோதித்துத் தாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்கப் புதுக் கொங்கிரீட். ஓரத்தில் சரியாகக் காயக்கூட இல்லை.

"மேல் மண்ணை வழிச்சுப் போட்டு கொங்கிரீட்டும் போட்டாச்சு மிஸ். எல்லாம் கிளீன்" என்றார் உரிமையாளர்.

வழித்த மண் எங்கே என்று கேட்டேன். வத்தளைப் பக்கம் யாரோ பள்ளக் காணி நிரப்பக் கேட்டார்களாம், இரண்டு லொறி போயிருக்கிறது.

நான் அடிக்கடி பார்க்கும் 'சுத்திகரிப்பு' இதுதான். நஞ்சுக்கு விலாசம் மாறியது, அவ்வளவுதான். ஈயம் ஏறிய மண்ணும் ஆபத்தான கழிவுதான். 2008இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி இப்படிப்பட்ட கழிவைச் சேர்க்கவோ ஏற்றவோ வைத்திருக்கவோ மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். லொறிக்காரரிடம் அதை யார் கேட்டது?

கொங்கிரீட்டைத் துளைத்தோம். கீழே சாம்பல் நிற மண், நடுவில் பற்றறிக் கோதின் கறுப்புத் துண்டுகள். ஈர மண்ணில் வைத்த நீல லிட்மஸ் தாள் சிவந்தது, அமிலம் இருக்கிறது. எனக்குப் பயம் வந்தது அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான். ஈயம் தன்பாட்டில் மேல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பற்றறி அமிலம் சேர்ந்தால் கரைந்து கீழே இறங்கும். கொழும்பின் தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் வெகு ஆழத்திலா இருக்கிறது?

ஆய்வுகூட அறிக்கை வந்ததும் வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த நாட்டின் ஈய வரம்பு பெரியது என்பது! நெதர்லாந்தில் ஒரு கிலோ மண்ணில் 530 மில்லிகிராம் ஈயம் தாண்டினால் தலையிடுவார்கள். அமெரிக்கா குடியிருப்பு மண்ணுக்கான தன் அளவை 2024இல் 400இலிருந்து 200க்கு இறக்கியது. வாங்குகிறவர் இந்தக் காணியில் வீடு கட்டுவதென்றால் நான் 200ஐத்தான் எடுப்பேன். மண்ணில் விளையாடி விரலைச் சூப்பும் பிள்ளைக்கு, பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவே கிடையாது.

இன்னொன்று, மதில். 1984இல் திருத்திய அமெரிக்கச் சட்டப்படி, ஆபத்தான கழிவு நிலையம் நடத்த அனுமதி கேட்பவர் அந்த வளவில் எப்போதோ சிந்தியதையும் துப்புரவாக்க வேண்டும், கசிவு மதில் தாண்டியிருந்தால் அங்கேயும். அதற்குக் காசு இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2019இல்தான் மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பானது. கிணறு கெட்ட பிறகு.

பழைய கராஜ், பற்றறிக் கடை, முலாம் பூசும் பட்டறை இருந்த காணி வாங்குகிறவர்கள் பழைய அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். கொங்கிரீட்டுக்குக் கீழே ஒரு மீற்றராவது மண் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழித்த மண் எங்கே போனது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள்.

"மதிலுக்கு அங்கால நமக்கு வேலையில்லையே மிஸ்?" என்றார் உரிமையாளர். மாதிரிப் போத்தலோடு பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டினேன். அவர்கள் வளவில் கிணறு இருந்தது, வாளியும் கயிறும் நனைந்திருந்தன.