அப்பாவின் கையெழுத்து எதுவரை காக்கும்?

“பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அது போதும்தானே சார்?” சட்ட ஆலோசனை கேட்டு வரும் மருத்துவர்களின் வழக்கமான கேள்வி இது. 15 வயதுப் பிள்ளைக்குக் குடல்வால் அறுவை என்றால் போதும். பாலின மாற்றத்துக்கான ஹார்மோன் ஊசியோ அறுவையோ என்றால், போதும் என்று சொல்ல எனக்குத் துணிவு வராது.

காரணம், 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அருண்குமார் வழக்கில் தந்த தீர்ப்பு. பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்றது அது. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று தெளிவாக வகைப்படுத்த முடியாத உடற்கூறுடன் பிறப்பவர்கள்) பாலுறுப்பு அறுவை கூடாது என்று அதே ஆண்டு தமிழக அரசு ஆணையும் வந்தது. தானே முன்வந்து சிகிச்சை கேட்கும் திருநர் சிறார்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது, உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பில் நான் நின்றால், வாதத்தின் முதல் பக்கத்திலேயே அதைத்தான் வைப்பேன்.

அடுத்தது காலக்கணக்கு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி உள்நோயாளியின் கேஸ் ஷீட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். காலவரம்புச் சட்டமோ, சிறாராக இருந்தவர் 18 வயது நிறைந்தபின் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குள் சிவில் வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. 15 வயதில் அறுவை செய்துகொண்டவர் 20 வயதில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், உங்கள் கையில் காட்ட ஒரு காகிதமும் இராது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் இத்தகைய வழக்குகளுக்கு 18 வயதுக்குப் பின் 15 ஆண்டுகள் அவகாசம் தந்து 2023இல் சட்டமே இயற்றியது.

வம்பே வேண்டாம் என்று பிள்ளையை ‘திருத்த’ முயல்வதும் தப்பும் வழியல்ல. ஒருவரின் பாலின அடையாளத்தை மாற்ற முயலும் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யை (conversion therapy) தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

அனுமதிக்கும்போது வாங்கும் அச்சடித்த படிவத்தை நம்பாதீர்கள். சமீரா கோலி வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதுதான் ஒப்புதல் என்றது. கருவுறும் திறன் போகலாம் என்பதைச் சொன்னீர்களா? காத்திருக்கும் வாய்ப்பைப் பேசினீர்களா? பிள்ளை என்ன சொன்னது? அதன் சொற்களிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். அந்தக் கோப்பை அவருக்கு 25 வயது ஆகும்வரை வைத்திருக்கச் சொல்கிறேன். அலமாரியில் இடமில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு அலமாரி வாங்குங்கள். என் கட்டணத்தைவிட அது மலிவு.