ஆயிரம் பேரில் மூன்று பேர்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் 2019, 2020இல் பள்ளிப் பையன்களிடம் என்ன கேம் ஆடுகிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் ‘ஃப்ரீ ஃபயர்’ என்றுதான் பதில் வரும். காட்பாடியில் பொறியியல் படிக்கும் அண்ணன்களைக் கேட்டால் ‘பப்ஜி’. இரண்டும் ஒரே வகைதான்: விமானத்திலிருந்து குதித்து, துப்பாக்கியைத் தேடிப் பிடித்து, கடைசி ஆளாக உயிரோடு நிற்க வேண்டும். பார்க்க பப்ஜிதான் அழகு. ஆனாலும் 2019இல் உலகிலேயே அதிகம் டவுன்லோடு ஆன மொபைல் கேம் ஃப்ரீ ஃபயர்.

பெரிய காரணம், அது 1 ஜிபி ரேம் உள்ள போனிலும் ஓடியது. “இன்னா மச்சான், லேக் அடிக்குதா?” (ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறதா) என்ற பேச்சுக்கு அங்கே வேலை குறைவு. பப்ஜியில் 100 பேர். ஆட்டம் முடிய அரை மணி நேரம் பிடிக்கும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர்; பத்து நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். அம்மாவின் போனை வாங்கி ஆடுகிற பையனுக்கு, அவர் திரும்பக் கேட்பதற்குள் ஒரு ரவுண்டு முடிவது பெரிய விஷயம்.

சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்பது வீடியோ கேம் தொழிலில் பாதிதான் உண்மை. ஒருவரை உள்ளே கொண்டுவர எவ்வளவு செலவாகிறது, வந்தவர் எத்தனை நாள் இருக்கிறார், போகும்போது யாரை இழுத்துக்கொண்டு போகிறார் என்பதில் இருக்கிறது மீதி.

நம் பக்கத்தில் முன்பு கேமுக்குக் காசு கொடுக்கும் பழக்கமே கிடையாது. 2000களில் காந்தி நகர், சத்துவாச்சாரி பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து கவுன்டர் ஸ்டிரைக் ஆடினோம். அந்தக் காசு சென்டர்காரருக்குப் போனது, கேம் செய்தவருக்கு இல்லை. வீட்டில் ஓடிய ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ கேம் திருட்டு சிடி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தபோது, அந்த அலையில் வந்த பெரிய கேம்கள் இலவசமாகவே வந்தன. கேம் நம் போனில், ஆனால் ஐடியும், ஸ்கின் என்கிற அலங்கார உடுப்பும், டைமண்ட் என்கிற கேம் காசும் அவர்கள் சர்வரில். காப்பி அடிக்கவே முடியாத பொருளை மட்டும் விலைக்கு வைத்தார்கள். திருட்டு சிடிக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதில் இருக்க முடியாது.

இலவச கேம் எப்படிச் சம்பாதிக்கிறது? உதாரணத்துக்கு எண்களை நாமே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். விளம்பரம் கொடுத்து ஆயிரம் பேரை கேமுக்குள் கொண்டுவருகிறோம். தலைக்கு 12 ரூபாய், ஆக 12,000 ரூபாய் செலவு. ஆயிரத்தில் 980 பேர் கடைசிவரை ஒரு பைசா கொடுக்க மாட்டார்கள். அவர்கள் பார்க்கும் விளம்பரத்தில் 2,500 ரூபாய் வருகிறது. மீதி 20 பேரில் 17 பேர் ஆளுக்கு 100 ரூபாய்க்கு டைமண்ட் வாங்குகிறார்கள்: 1,700. மிச்சம் மூன்று பேர் ஆளுக்கு 5,000: 15,000. மொத்த விற்பனை 16,700 ரூபாய். இதில் ஆப் ஸ்டோர் வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 விழுக்காடு. சிறிய நிறுவனமாக இருந்தால் 15. முப்பது என்று வைத்தால் 5,010 போய் 11,690 மிஞ்சும். விளம்பர வரவையும் சேர்த்தால் 14,190. லாபம் 2,190 ரூபாய்.

இப்போது அந்த மூன்று பேரில் ஒருவர் மட்டும் இரண்டாம் நாளே சலித்துப்போய் கேமை அழித்துவிட்டார் என்று வையுங்கள். அதே கணக்கைத் திரும்பப் போட்டால் 1,310 ரூபாய் நஷ்டம். ஆயிரம் பேரில் ஒரே ஒருவர் போனதற்கு!

அதனால்தான் கேம் கம்பெனிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்பதை அதிகம் கவனிக்கின்றன. வந்தவர்களில் முதல் நாள் 40 விழுக்காடு, ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 விழுக்காடு பேர் திரும்ப வந்தால் கேம் தேறும் என்பது மொபைல் கேம் உலகத்தில் வெகுநாளாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. தலைக்கு 12 ரூபாய் கொடுத்து 20 ரூபாய் எடுக்க முடிந்தால், அந்த லாபத்தை அப்படியே அடுத்த விளம்பரத்தில் போடலாம். திரும்பத் திரும்ப ஒரே கேமின் விளம்பரம் உங்கள் போனில் வருகிறதென்றால், அவர்களுக்குக் கணக்கு ஒத்துவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

திரும்ப வரவைக்கும் வேலையில் மனோதத்துவம் நிறைய. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்று தெளிவானது: ஒவ்வொரு தட்டலுக்கும் தீனி விழுந்தால், தீனி நின்றதும் பிராணி சீக்கிரம் விட்டுவிடுகிறது. எந்தத் தட்டலுக்கு விழும் என்றே தெரியாவிட்டால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. கேமில் காசு கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ இதே ஏற்பாடுதான். உள்ளே என்ன வரும் என்று தெரியாது. 2018இல் பெல்ஜியம் இதைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் வரிசை போச்சு என்பதை மன்னித்துவிடலாம்; பதினான்கு வயதுப் பையனிடம் அப்பாவின் யுபிஐ இருக்கும்போது இந்தப் பெட்டியை நீட்டுவதை மன்னிக்க முடியவில்லை.

சரி, விளம்பரத்துக்குச் செலவே செய்யாமல் ஆட்கள் வந்தால்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே பாபு ராவ் தெருப் பக்கம் சாயங்காலம் போனால் பார்க்கலாம். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்களின் உறவினர்கள் லாட்ஜ் படியில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரே போன், மல்லாக்க வைத்திருக்கும். சுற்றி நான்கு தலை. அவரவர் முறை வரும்போது ஒரு விரல் நீளும், தாயக்கட்டை உருளும். ‘லூடோ கிங்’ மும்பையில் செய்து 2016இல் வந்த கேம். ஒரே போனில் நான்கு பேர் ஆடலாம், அதற்கு நெட் வேண்டாம், விதியை யாரும் சொல்லித் தரவும் வேண்டாம். பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் ஐந்தாவது ஆள் அறைக்குப் போய்த் தன் போனிலும் ஏற்றிக்கொள்வார். கம்பெனிக்கு அவரால் வந்த செலவு பூஜ்யம்.

கூட்டம் கூட்டத்தைச் சேர்ப்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்துகிற வெளியூர்க்காரர் எந்த பிரியாணிக் கடைமுன் ஏற்கெனவே வண்டிகள் நிற்கின்றனவோ அங்கேதான் நுழைவார். அவர் வண்டியும் சேர்ந்து அடுத்தவரை இழுக்கும். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் இதைப் பாட்டில் சோதித்து வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாத 48 பாட்டுகள், 14,000க்கும் மேற்பட்ட ஆட்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டுகளை மட்டும் கொடுத்தார்கள், மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்று சொல்லவில்லை. மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று காட்டினார்கள். ஓர் உலகத்தில் உச்சியில் நின்ற பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது மேலே வருவதும் அபூர்வம். இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

கேமில் இதற்குச் சரியான சாட்சி ‘அமாங் அஸ்’. சின்னக் குழு ஒன்று 2018இல் வெளியிட்டு, கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. 2020 ஊரடங்கில், கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் கையில் எடுத்ததும் உலகமே ஆடியது. கேம் அதேதான். எதிர்ப்பக்கம் சோனியின் ‘கான்கார்ட்’: பெரிய கம்பெனி, வருடக்கணக்கில் உழைப்பு, விலை 40 டாலர். அதே வகை கேம்கள் இலவசமாகக் கிடைத்தன. நண்பர்களும் அங்கேதான் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 23இல் வெளியாகி, செப்டம்பர் 6இல் சர்வரை அணைத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

காசு கொடுத்து வாங்கும் கேம் செத்துவிடவில்லை. ஜிடிஏ 5 மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்றது. ‘ஸ்டார்ட்யூ வேலி’யை எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருடம் உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டார், கோடிக்கணக்கில் விற்றது. ஆனால் கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2024இல் மட்டும் 18,000க்கு மேல் கேம்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரை நாம் கேள்விப்படக்கூடப் போவதில்லை.

கூட்டத்தின் பலத்தைக் கண்கூடாகக் காட்டியது தடைதான். 2020 செப்டம்பர் 2இல் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அப்புறம் 2021 ஜூலையில் பப்ஜியின் உரிமையாளரான கிராஃப்டன் நிறுவனம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனியாகக் கொண்டுவந்தபோது, பழைய ஐடியில் இருந்த ஸ்கின்களையும் மற்றவற்றையும் புது கேமுக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை வந்தபோது பையன்கள் ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ பக்கம் போனார்கள். அங்கே பழைய ஐடியே செல்லுபடியானது; கூட ஆடும் ஸ்குவாடோடு அப்படியே குடிபெயர்ந்துவிட்டார்கள்.