ஸ்பினோசாட்: சொல் விளக்கம்

காய்கறி, பருத்தி, மிளகாய் போடுபவர்கள் மருந்துக் கடையில் கேட்டுப் பழகிய பெயர் இது. காய்ப்புழு, இலைப்பேன், முட்டைக்கோசில் வரும் வைரமுதுகு அந்துப்பூச்சி ஆகியவற்றுக்கு அடிக்கிறார்கள். இந்த மருந்தை உண்டாக்குவது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பெயரும் அதிலிருந்துதான் வருகிறது.

பாக்டீரியாவின் முழுப்பெயர் சாக்கரோபாலிஸ்போரா ஸ்பினோசா. 1982இல் கரீபியத் தீவு ஒன்றில், மூடிக் கிடந்த ரம் ஆலையிலிருந்து எடுத்துவந்த மண்ணில் அகப்பட்டது. அதை நொதிக்கவைத்த நீர் கொசுப்புழுக்களைக் கொன்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. 1990இல் புதிய இனமாகப் பதிவு செய்தார்கள்.

'சாக்கரோ' என்றால் சர்க்கரை. ரம் ஆலை மண் என்பதால் வைத்த பெயர் என்று தோன்றும், அப்படியில்லை. இந்தப் பேரினத்தின் முதல் பாக்டீரியா 1970களிலேயே கரும்புச் சக்கையில் கிடைத்துவிட்டது, சர்க்கரை அங்கேயே பெயரில் ஒட்டிக்கொண்டது. 'பாலி' பல, 'ஸ்போரா' வித்து. 'ஸ்பினோசா' லத்தீனில் முள் நிறைந்தது. இதன் வித்துகளின் மேலுறையில் முட்கள் உண்டு. இது சுரக்கும் நஞ்சுகளுக்கு ஸ்பினோசின் என்று பெயர். அவற்றில் வீரியமான ஏ, டி இரண்டும் சேர்ந்த கலவை என்பதால், அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் வாலில் சேர்த்து 'ஸ்பினோசாட்' ஆக்கினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உயிரிப் பூச்சிக்கொல்லி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் பூச்சிமருந்துத் தூளுக்கு அது பொருந்தும், அதில் பாக்டீரியாவின் வித்துகளே இருக்கின்றன. ஸ்பினோசாட் குப்பிக்குள் உயிருள்ள எதுவும் இல்லை, நொதிக்கவைத்துப் பிரித்தெடுத்த பொருள் மட்டுமே. அதனால் 'நுண்ணுயிர்வழிப் பூச்சிக்கொல்லி' என்பதே சரி என்பேன். பாக்டீரியாவை 'முள்வித்து நுண்ணுயிர்' எனலாம். மருந்தின் பெயரை மட்டும் ஸ்பினோசாட் என்றே விட்டுவிடலாம், கடையில் கேட்டால் கிடைக்க வேண்டுமே.

'பூச்சிவிரட்டி' என்று மட்டும் எழுத வேண்டாம். ஐந்து வகை இலைகளில் செய்யும் ஐந்திலைக் கரைசல் போன்றவற்றுக்கு உரிய சொல் அது. ஸ்பினோசாட் விரட்டுவதில்லை. தின்றாலும் மேலே பட்டாலும் புழுவின் நரம்பைத் தாக்கும். தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ள, முடங்கி, ஓரிரு நாளில் புழு சாகும். அமெரிக்காவில் இதன் சில தயாரிப்புகளுக்கு இயற்கை வேளாண்மையிலும் அனுமதி உண்டு. ஆனால் ஈரம் காயாத தெளிப்பு தேனீயையும் கொல்லும். பூ இருக்கும் பயிரென்றால் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது, வெயில் பட்டால் மருந்தும் சிதைந்துவிடும்.