ரீஃபைனான்சிங்: தமிழில் மறுகடன்

ஒரு நாடு வெளிநாட்டு வங்கிகளோடும் கடன் கொடுத்த அரசுகளோடும் பேச உட்கார்ந்தால், உடனே செய்திகளில் அடிபடும் சொல் 'ரீஃபைனான்சிங்'. கெடு நெருங்கிவிட்ட பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதுதான் அது. கெடு தள்ளிப்போகும், வட்டி மாறலாம். கடன் சுமை மட்டும் அப்படியே இருக்கும்.

'ஃபைனான்ஸ்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் லத்தீன் மொழியின் 'ஃபினிஸ்', அதாவது முடிவு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதையே அது முதலில் குறித்தது. பணம் திரட்டுதல், நிதி நிர்வாகம் என்ற பொருள்கள் பிற்பாடு சேர்ந்தவை.

தமிழில் இதைப் பலர் 'கடன் மறுசீரமைப்பு' என்றே எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மறுசீரமைப்பு என்பது பெரிய குடை: தவணையை நீட்டுவது, வட்டியைக் குறைப்பது, அசலிலேயே கழிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய இலங்கை, 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை இணைத்தலைமை வகித்த, கடன் கொடுத்த நாடுகளின் குழுவோடு 580 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு செய்துகொண்டது. அது மறுசீரமைப்பு. மெக்சிகோ கதை வேறு. 1982 ஆகஸ்டில் அது கையை விரித்தது. அடுத்த ஆண்டு, பழைய கடனின் வட்டி நின்றுவிடாமல் இருக்க, வங்கிகளே கூடி 500 கோடி டாலர் புதுக் கடன் கொடுத்தன. ரீஃபைனான்சிங்குக்கு நெருக்கமானது இதுதான்.

வரி கட்டும் மக்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். 'மறுசீரமைப்பு' என்று படித்தால் சுமை குறைந்திருக்கும் என்று நம்புவார்கள். உண்மையில் அது அடுத்த தலைமுறைக்குத் தள்ளப்பட்டிருக்கலாம்.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? 'மறுநிதியளிப்பு' என்பது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் 'அளிப்பு' என்றதும் யாரோ உதவி செய்ததுபோல் ஒலிக்கிறது, கடன் என்பதே மறைந்துபோகிறது. சிறு வங்கிகள் கொடுத்த கடனுக்கு ஈடாகப் பெரிய வங்கி அவற்றுக்குப் பணம் தருகிறதே, அந்த ஏற்பாட்டுக்கு அது பொருந்தும். கடன்பட்ட நாட்டுக்கு 'மறுகடன்' என்பதே நேரான சொல். மறுகடன் பேச்சு, மறுகடன் ஒப்பந்தம், மறுகடன் பெற்றது என்று எங்கும் இயல்பாகப் பொருந்துகிறது. கெடுவை மட்டும் மாற்றினால் 'மறுதவணை' என்று எழுதலாம்.