சாரல்ல நனைஞ்சுட்டு நேரா துபாய் வெயிலுக்குப் போறவங்க கவனத்துக்கு

ஜூன் பொறந்தா போதும், செங்கோட்டையில எங்க கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரும், காய்ச்சல் சளின்னு இல்ல, "துபாய்க்குப் போறோம் டாக்டரம்மா, ரெண்டு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் குடுங்க"ன்னு. கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர்னு தெருவுக்கு நாலு பேராவது வளைகுடால இருக்கிற ஊருங்க இதெல்லாம், பையன் விசிட் விசா எடுத்திருப்பான், இல்லன்னா மகளுக்கு அங்க பிரசவம். இப்ப புதுசா இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கு, ஆஃப் சீசன்ல ஹோட்டல் மலிவுன்னு சும்மா சுத்திப் பாக்கப் போறவங்க. அது ஏன் மலிவா இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா நான் இதை எழுத வேண்டிய வேலையே இல்ல.

வெயில்ல பாத்து இருங்கன்னு சொன்னா எல்லாரும் ஒரே மாதிரி சிரிப்பாங்க, "நாங்க பாக்காத வெயிலா"ன்னு. ஜூன்ல நீங்க வெயிலே பாக்கலையேங்க! குத்தாலத்துல சீசன், கணவாய் வழியா காத்து பிச்சுக்கிட்டு வருது, நாள் பூரா சாரல், ராத்திரி போர்வை இல்லாம தூங்க முடியல. அப்படி இருந்த உடம்பைக் கொண்டுபோய் காலையில புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, தென்மலை வழியா திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல ஏத்தி, நாலு மணி நேரத்துல துபாய்ல இறக்கினா அங்க 42, 43 டிகிரி. ஏப்ரல் மாசம் திருநெல்வேலி வெயில்ல அலைஞ்ச பழக்கம் எல்லாம் சாரல்ல நாலு வாரம் இருந்தாலே பெரும்பாலும் போயிடும்.

மனுஷ உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும். பழகின உடம்புல வேர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், நிறைய வரும், அதுல உப்பு கம்மியா போகும், ரத்தத்தோட அளவு கொஞ்சம் கூடும், அதனால இதயம் படபடன்னு அடிச்சுக்காது. இது நடக்கணும்னா தினமும் கொஞ்ச நேரமாவது சூட்டுல இருக்கணும். டூர் போறவங்க ரூம் ஏசி, டாக்ஸி ஏசி, மால் ஏசி, நடுவுல திடீர்னு அரை மணி நேரம் வெயில்னு இருப்பாங்க, உடம்பு பழகவே பழகாது, பழக ஆரம்பிக்கிறப்ப திரும்பி வர்ற ஃப்ளைட் வந்திரும். அதனால பையன் நடக்கிறானேன்னு நீங்களும் கூடவே நடக்காதீங்க, அவன் அங்கேயே கிடக்கிறவன். அமீரகத்துல வருஷா வருஷம் ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-ல இருந்து 3 மணி வரை திறந்த வெயில்ல ஆளுங்கள வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பழகின தொழிலாளிக்கே அப்படின்னா, துபாய் டெய்ராவுல கோல்ட் சூக்னு இருக்கிற நகைக்கடைத் தெருவுல கிராம் விலை விசாரிச்சுக்கிட்டு நடக்கிறவருக்கு அந்த நேரத்துல என்ன அவசரம்? வெளிய சுத்துறது எல்லாம் காலையில 8 மணிக்குள்ள, இல்ல இருட்டினதுக்கு அப்புறம். பகல்ல மெட்ரோ, மால், மியூசியம், தூக்கம்.

பாலைவனம்னா வறண்டு கிடக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. துபாய் கடற்கரை ஊரு. ஆகஸ்ட்ல ராத்திரி வெளிய வந்தா மூக்குக்கண்ணாடி ஆவி படிஞ்சு மறைச்சிரும், அவ்வளவு ஈரம் காத்துல. வேர்வை வந்தா மட்டும் உடம்பு குளிராது, அது காயணும், ஈரக் காத்துல காயாம வழிஞ்சு சட்டைய நனைக்கிறதோட சரி. ரியாத்ல இதுக்கு நேர் எதிர், வேர்வை வந்ததே தெரியாம காய்ஞ்சிரும், "எனக்கு வேர்க்கவே இல்ல"ன்னு தண்ணி குடிக்காம இருந்துட்டு சாயங்காலம் பாத்தா கருப்புச் சட்டையில வெள்ளையா உப்புக்கோடு. ரெண்டு ஊர்லயும் ஆபத்து உண்டு, வர்ற வழிதான் வேற. 2024 ஹஜ்ல மக்கால 51.8 டிகிரி போச்சு, 1,301 பேர் இறந்ததா சவுதி அரசே சொன்னது. அதுல பெரும்பாலானவங்க முறையான அனுமதி இல்லாம வந்து, நிழலோ தங்க இடமோ இல்லாம நெடுந்தூரம் வெயில்ல நடந்தவங்க, வயசானவங்களும் நாள்பட்ட வியாதிக்காரங்களும் அதுல இருந்தாங்க.

சரி, மாத்திரைக்கு வருவோம், இதைப் பத்தித்தான் நான் முக்கியமா எழுத நினைச்சது. போன சீசன்ல துபாய் போய்ட்டு வந்த ஒரு அண்ணாச்சி, பேரனைக் கூட்டிட்டு பார்க்குக்குப் போனவர், டாக்ஸிய விட்டு இறங்கி எந்திரிச்சு நின்ன உடனே கண்ணு இருட்டி விழுந்திருக்கார். "தண்ணி குடிச்சீங்களா அண்ணாச்சி?"ன்னா "பூராவும் ஏசிக்குள்ளதானம்மா இருந்தேன், தாகமே எடுக்கலியே" அப்படின்றார். மாத்திரை அட்டைய வாங்கிப் பாத்தா பிரஷர் மாத்திரை பேருக்குப் பின்னாடி குட்டியா ஒரு 'ஹெச்'. டெல்மிசார்டான் மாதிரி மாத்திரைகள்ல அந்த ஹெச் இருந்தா உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்குன்னு அர்த்தம், அது உடம்புல இருக்கிற உப்பையும் தண்ணியையும் சிறுநீரா வெளியேத்துற மருந்து. இங்க சாரல்ல பிரச்சினையே இல்ல, அங்க வேர்வையில ஒரு பக்கம் போகுது, மாத்திரையில ஒரு பக்கம் போகுது, பிரஷர் இறங்காம என்ன செய்யும்? சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கிறவங்களுக்கும் இதே கதைதான், அது சர்க்கரைய சிறுநீர் வழியா தள்ளும்போது தண்ணியும் கூடவே போகும். வாந்தி பேதியாகி சாப்பிட முடியாமப் போற நாள்ல அந்த மாத்திரைய நிறுத்தி வைக்கணும், அதை எப்படிச் செய்யணும்னு முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. மெட்டோப்ரோலால் மாதிரி பிரஷர் மாத்திரை, சூட்டைச் சமாளிக்க இதயம் வேகமா அடிக்க வேண்டிய நேரத்துலயும் அடிக்க விடாது. அரிப்புக்குப் போடுற சில பழைய மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாதவங்களுக்குக் குடுக்கிற சிலதும் வேர்வையவே குறைக்கும். இத்தனைக்கும் மேல நடந்து நடந்து முட்டி வலிக்குதுன்னு டைக்ளோஃபினாக் ஒண்ணு போட்டா, தண்ணி வத்தின உடம்புல பிரஷர் மாத்திரையோட சேர்ந்து கிட்னியில போய் நிக்கும்.

இதைப் படிச்சுட்டு நீங்களா எதையும் நிறுத்திராதீங்க, பிரஷர் எகிறி வேற ஆபத்து வரும். அட்டைகள எடுத்துக்கிட்டு உங்க டாக்டர்கிட்ட போங்க.

தண்ணி விஷயத்துல தாகத்த நம்பாதீங்க, வயசானவங்களுக்குத் தாகம் லேட்டாதான் தெரியும், ஏசியில இன்னும் லேட். சிறுநீர் வெளிர் மஞ்சளா போகுதான்னு பாருங்க, அடர்ந்து போச்சுன்னா பத்தல. வெளிய நடக்கிற நேரம் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். இதயம் பலவீனமானவங்க, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் இந்தக் கணக்க எடுக்காம, அளவு கேட்டுட்டுப் போங்க, அதுலயும் கிட்னிக்காரங்க இளநீர் பக்கமே போகாதீங்க, பொட்டாசியம் ஏறும். மத்தவங்க மோர் குடிக்கலாம், அங்க லபன்னு பாட்டில்ல எல்லாக் கடையிலயும் கிடைக்கும். ஓஆர்எஸ் பாக்கெட் நாலஞ்சு இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க, பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பாக்கெட், டம்ளர்ல கொட்டிக் கலக்கிக் குடிக்கக் கூடாது. கலர் கலரா டப்பாவுல வர்ற இனிப்புத் தண்ணிய ஓஆர்எஸ்னு நினைச்சு வாங்காதீங்க, உலக சுகாதார அமைப்போட ஃபார்முலா இல்லாத பானங்களுக்கு அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டுச்சு.

அப்புறம் அந்த ஊர் பைப் தண்ணி. மொட்டை மாடி டேங்க் கொதிச்சு, பச்சைத் தண்ணி பைப்பத் திறந்தா சுடுதண்ணி வரும், குழந்தைய நேரா பைப்புக்குக் கீழ நிறுத்திராதீங்க. அங்க இருக்கிறவங்க கோடையில ஹீட்டர் சுவிட்ச்ச அணைச்சுப் போட்டுருவாங்க, பாத்ரூம்குள்ள இருக்கிற ஹீட்டர் டேங்க்ல தண்ணி ஆறி இருக்கும், குளிக்கிறதுக்கு சுடுதண்ணி பைப்பத்தான் திறப்பாங்க.

சர்க்கரைக்காரங்க காலப் பத்தி தனியா சொல்லணும். காலு மரத்துப் போனவங்களுக்குச் சுடுறதே தெரியாது. கோயில், பள்ளிவாசல்னு செருப்பக் கழட்டிட்டு வெளிய தரையில நாலு எட்டு வச்சாலோ, பீச் மணல்ல வெறுங்காலோட நடந்தாலோ உள்ளங்கால் கொப்பளிச்சிரும், ரூமுக்கு வந்து காலைக் கழுவுறப்பதான் தெரியும். அப்புறம் அந்தப் புண்ணு ஆற மாசக்கணக்குல ஆகும். கெட்டியா ஒரு ஜோடி சாக்ஸ் கையில இருக்கட்டும், ராத்திரி படுக்கப் போறப்ப உள்ளங்காலைப் பாக்கச் சொல்லி பேரப்பிள்ளைகிட்ட காட்டுங்க.

இனி சொல்றது கூடப் போற பிள்ளைங்களுக்கு. தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிக்கிறது, சோர்வுன்னா உடனே நிழலுக்கோ ஏசிக்கோ போய் படுக்க வச்சு உப்புத் தண்ணி குடுத்தா பெரும்பாலும் சரியாகும். ஆனா பேச்சு குளறுது, எங்க இருக்கோம்னு தெரியல, சம்பந்தமில்லாம கோபப்படுறார், நடை தள்ளாடுதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்பு உள்சூடு 40-ஐத் தாண்டிருக்கும். வேர்வை நின்னாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்னு காத்திருக்காதீங்க, நனைஞ்சு கிடக்கிறவருக்கும் வரும். துபாய்ல 998-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் சொல்லுங்க, ஆனா அது வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. சட்டையக் கழட்டி, தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே இருங்க, கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வைங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடுறதுக்கு முன்னாடி குளிர வைக்கிறதுதான் உயிரக் காப்பாத்தும், முதல் அரை மணி நேரம் அவ்வளவு முக்கியம். நினைவு சரியில்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிரும். பாராசிட்டமால் இதுக்குக் கேக்காது, இது கிருமியால வர்ற காய்ச்சல் இல்ல.

பெட்டி கட்டுறப்ப இன்சுலின கைப்பையில வைங்க, கீழ போற லக்கேஜ்ல உறைஞ்சு போகலாம், அங்க போய் பூட்டின கார்லயும் விட்டுட்டுப் போகாதீங்க, வெந்து வீணாப் போயிரும். குழந்தைய விடக் கூடாதுன்னு சொல்லத் தேவையில்ல, அஞ்சு நிமிஷத்துக்குக்கூட. ட்ரமடால், கோடீன் இருமல் மருந்து, கால் எரிச்சலுக்குச் சாப்பிடுற ப்ரீகாபாலின், இதெல்லாம் அங்க கட்டுப்பாட்டு மருந்து, சீட்டும் அந்த ஊர் அரசாங்கத்தோட முன் அனுமதியும் வேணும். மருமக ஆசையா கேட்டாலும் கசகசா வேண்டவே வேண்டாம், அதுக்குக் கேஸே போடுவாங்க.

கடைசியா ஒண்ணு, ஃப்ளைட்டுக்குப் போற அன்னைக்குக் காலையில, டிக்கியில பெட்டிய ஏத்திட்டு, வண்டிய கிளினிக் வாசல்ல ஓட விட்டுட்டு வந்து சீட்டு கேக்காதீங்க. பிரஷர் மாத்திரைய மாத்தினா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு மறுபடி பிரஷர் பாக்கணும், ரத்தத்துல உப்பும், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் பாக்கணும். டிக்கெட் போட்ட வாரமே அட்டைகளோட வந்திருங்க.